நிலம் இழந்தோர் கோயில்

கோயில் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மதிலும் வாயிலும் மணிக்கூடும் மனக்கண்முன் எழுதல் இயல்பு. ஊர் என்று ஒன்று இருந்தால் அங்கே வழிபாட்டுக்கென ஒரு நிலம் இருக்கும். அந்நிலத்துக்கு ஓர் எல்லை இருக்கும். அவ்வெல்லைக்குள் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்னும் முறையும் இருக்கும். ஆனால், ஊரை இழந்து, நிலத்தை இழந்து, தம் உடலின்மீதும் உரிமையற்றவராய்க் கப்பலில் ஏற்றப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் தன் தெய்வங்களை எங்கே இருத்தும்? இக்கேள்விக்கு மேற்கிந்தியத் தீவுகளின் வரலாறு தரும் விடை நேயர்கள் அறியத்தக்கது. அவ்விடை இன்று கணினித் திரைவரை வந்து சேர்ந்திருக்கின்றது.

அத்திலாந்திக் அடிமை வாணிகம் நிகழ்ந்த நூற்றாண்டுகளில் ஆபிரிக்கக் கரைகளிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. கடலிலே மாண்டவர் போக, 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கரீபியன் தீவுகளில் இறக்கப்பட்டனர். அங்கே அவர்களை எதிர்கொண்டது கரும்புத் தோட்டமும் சட்டப் புத்தகமுமாம். பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயி 1685ஆம் ஆண்டில் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' அடிமைகள் யாவரும் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெறல் வேண்டும் என்றது. பிற சமய வழிபாடு வெளிப்படையாக நடத்தலாகாது என்றது. வெவ்வேறு எசமானர்களின் அடிமைகள் பகலிலோ இரவிலோ, திருமணம் என்னும் பெயரிலேனும், ஒன்றுகூடலாகாது என்றும் விதித்தது. கூடுதலே குற்றமான இடத்தில் கோயில் எழும்புவது எங்ஙனம்?

அம்மக்கள் கண்ட வழி யாதெனில், புனிதமான இடத்தைத் தேடிச் செல்லாது, நின்ற இடத்தைச் சிறிது பொழுதுக்குப் புனிதமாக்கிக்கொள்ளுதலாம். பொழுது முடிந்ததும் அவ்விடம் மறுபடியும் முற்றமாகும், சமையற்கட்டாகும், வெறுந்தரையாகும். காவலாளர் வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இராது.

ஹெயிட்டி நாட்டு வோடூ வழிபாட்டிலே இதனைத் தெளிவாகக் காணலாம். வழிபாட்டு மண்டபத்தைப் 'பெரிஸ்தீல்' என்பர். பெரும்பாலும் அது கூரையிட்ட ஒரு திறந்த வெளியேயாம். அதன் நடுவே நிற்பது 'போட்டோ மித்தான்' எனப்படும் நடுக்கம்பம். 'லுவா' எனப்படும் தெய்வங்கள் அக்கம்பத்தின் வழியாகவே வந்திறங்குகின்றன என்பது நம்பிக்கை. ஊங்கான் எனப்படும் பூசகரோ மான்போ எனப்படும் பூசகியோ நாற்றிசைக்கும் நீர் தெளித்தபின், சோள மாவை விரலிடுக்கினால் எடுத்துத் தரையிலே 'வேவே' என்னும் உருவங்களை வரைவர். காதற்குரிய எர்சிலிக்கு இதயம், கடலுக்குரிய அக்வேக்குப் படகு, டம்பாலாவுக்குப் பாம்பு. மாக்கோலமிடும் கைகளுக்கு அந்த விரலசைவு புதியதன்று. ஆயினும் இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கொள்ளல் வேண்டா. வரைந்து முடிந்ததும் மேளம் முழங்கும், ஆட்டம் தொடங்கும், ஆடுவோரின் பாதங்களே அவ்வுருவங்களை அழித்துவிடும். அழிதல் அங்கே குறையன்று. அழைக்கப்பட்டவர் வந்துவிட்டார் என்றால் அழைப்போலைக்கு வேலை முடிந்தது.

அத்தெய்வங்களுள் முதல் வணக்கம் பெறுபவர் லெக்பா. கோலூன்றிய முதியவராக அவரைச் சித்திரிப்பர். நாற்சந்திகளும் வாயில்களும் அவருடைய ஆட்சிக்குட்பட்டவை. அவர் வாயிலைத் திறவாவிடில் வேறெத் தெய்வமும் உள்ளே வாராது. இச்செய்தியைக் கேட்போர் மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று. ஏனெனில், இவ்வழிபாட்டில் இடம் என்பது சுவரினால் ஆவதன்று, வாயிலினால் ஆவது. யார் திறக்கிறார், யாருக்குத் திறக்கிறார் என்பதே அங்கு வினா.

இன்னுமொன்று. வோடூ அடியாரின் முன்னோருலகு 'கினே' எனப்படும். அது ஆபிரிக்கா, ஆயினும் தேசப்படத்தில் உள்ள ஆபிரிக்கா அன்று. நீருக்கு அடியிலே இருப்பது. இறந்தவர் ஆன்மா அந்நீரின் கீழே ஓராண்டும் ஒரு நாளும் தங்கியிருந்து, பின்னர் உரிய சடங்கினால் மீட்கப்பட்டு, ஒரு மண்கலத்திலே இருத்தப்படும் என்பது மரபு. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருப்பாரைக் குரலினாலும் நீரினாலும் அழைத்தல் அவர்களுக்குப் புதிதாகக் கற்ற வித்தையன்று. தொடக்கமே அதுதான்.

1791 ஓகஸ்ட் மாதத்திலே புவா கைமான் என்னும் காட்டிடத்தில், புக்மன் என்பார் தலைமையில் நடந்ததாகக் கூறப்படும் இரவு வழிபாட்டை ஹெயிட்டி மக்கள் தங்கள் விடுதலைப் போரின் தொடக்கமாகப் போற்றுகின்றனர். 1804 சனவரி முதலாந் திகதி அந்நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால், சுதந்திர நாட்டிலும் வோடூவுக்கு நிழல் கிடைக்கவில்லை. 1935இல் 'மூடநம்பிக்கைப் பழக்கங்கள்' எனப் பெயரிட்டு அரசு தடைசெய்தது. 1941, 1942ஆம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய இயக்கத்தில் நடுக்கம்பங்களும் மேளங்களும் அழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு அத்தடையை நீக்கியது. முழு உரிமையுள்ள சமயமாக அரசு ஏற்றுக்கொண்டது 2003 ஏப்பிரலிலேதான்.

பிரித்தானியர் ஆண்ட திரினிடாட்டிலும் கதை பெரிதும் வேறன்று. அங்கே 'ஆன்மிக பப்ரிஸ்ற்' எனப்படும் சபையினர் விவிலியத்தையும் ஆபிரிக்க மரபையும் ஒன்றாக இணைத்து வழிபடுவோர். மணியடித்து, உரத்துப் பாடி, ஆவி நிறைந்து ஆர்ப்பரிப்பதனால் அவர்களைச் 'சவுற்றர்', அதாவது கூச்சலிடுவோர், எனப் பிறர் அழைத்தனர். 1917 நவெம்பரிலே குடியேற்ற அரசு அவர்களுடைய வழிபாட்டைத் தடைசெய்யும் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அயல் தீவாகிய சென் வின்சென்றில் 1912இலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. ஒரு கூட்டம் சவுற்றர் கூட்டமா அன்றா என்பதில் நீதவான் சொல்வதே முடிவு. கூடியவர் தம்மை எப்பெயரால் அழைத்தாலும் அது செல்லாது என அச்சட்டம் கூறிற்று. சட்டம் இயற்றுவோரின் அச்சம் எத்துணை ஆழமானது என்பதற்கு இவ்வொரு விதியே போதும். அடியார்கள் காடுகளிலும் கொல்லைப்புறங்களிலும் கூடினர். எல்ற்றன் ஜோர்ஜ் கிரிபித் என்பார் தலைமை தாங்கி நடத்திய முயற்சியின் பயனாக 1951 மார்ச் 30ஆம் திகதி தடை நீங்கியது. சென் வின்சென்றார் 1965வரை பொறுத்திருக்க நேர்ந்தது.

அச்சபையின் ஆலயத்துள் நுழைவோர் நடுவே ஒரு கம்பத்தையும், அதனருகே மணியையும், நீர் நிறைந்த பாத்திரங்களையும் காண்பர். அவற்றுள் ஒன்று வடவிந்தியர் 'லோத்தா' என அழைக்கும் பித்தளைச் செம்பு. அது அங்கே வந்த வழி இலகுவில் விளங்கும். 1845 முதல் 1917வரை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 144,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியோர். சென்னையிலிருந்து சென்றோர் சிறு தொகையினர். ஒரே கரும்புத் தோட்டத்தில் வியர்வை சிந்திய இரு சாராருள் ஒருவர் பூசைச் செம்பு மற்றவர் கைக்கு மாறியது. அந்நாட்டு ஒரிஷா வழிபாட்டு முற்றங்கள் சிலவற்றில் இந்துத் தெய்வங்களின் படங்களும் உருவங்களும் இடம்பெற்றுள்ளன.

ஆயினும், ஆன்மிக பப்ரிஸ்ற் சபையாரின் தனிச்சிறப்பு இவற்றிலில்லை. 'துக்கித்தல்' என அவர்கள் அழைக்கும் தவத்திலுள்ளது. துக்கிக்க விரும்புவோர் ஒரு சிற்றறையின் தரையில், கண்களைத் துணிப் பட்டைகளினாற் கட்டிக்கொண்டு, பல நாள் நோன்பிருந்து கிடப்பர். உடல் அசையாது, உள்ளம் யாத்திரை செய்யும். ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஆன்மா சென்று வருவதாகவும், அவ்வந்நாட்டார் எதிர்ப்பட்டுப் பாடலும் தொழிலும் உபதேசமும் தருவதாகவும் கூறுவர். எழுந்து வந்ததும் சபையின் முன் நின்று, சென்ற வழியை ஒன்றும் மறையாது எடுத்துரைத்தல் வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கடல் கடந்தோர்க்கு, கண்ணாடித் திரையின் வழியாக ஒரு சபையைக் காண்பது பெரிய வியப்பாகத் தோன்றாமை இயல்பே.

கியூபாவிலே யொரூபா மரபினர் வளர்த்த லுகுமி வழிபாடு, சந்தேரியா என்னும் பெயரால் அறியப்படுவது, வீட்டையே கோயிலாக்கிக்கொண்டது. மூடியிட்ட பீங்கான் பாத்திரங்களிலே தெய்வத்திற்குரிய கற்கள் நீருடன் வைக்கப்பட்டு, அலுமாரித் தட்டுகளில் அடுக்கப்படும். அறியாதவர் பார்த்தால் விருந்துக்குரிய பாத்திரங்கள் என்றே கொள்வர். பண்டிகை நாளில் அறையின் ஒரு மூலை பட்டுத் துணிகளால் அலங்கரிக்கப்பட்டு அரியணையாகும். சில நாளில் துணி மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும்.

இங்ஙனம் மடித்து எடுத்துச் செல்லத்தக்க கோயிலாதலால், 1959ஆம் ஆண்டுப் புரட்சியின்பின் நாடு நீங்கிய கியூபர் அதனை மியாமிக்கும் நியூயோர்க்குக்கும் கொண்டுசென்றனர். ஆனால், மறைவாக இருந்தவரை பொறுத்துக்கொண்ட அயலார், வெளிப்படையாகப் பெயர்ப்பலகை இட முயன்றபோது பொறுக்கவில்லை. புளோரிடாவின் ஹயலீயா நகரில் 1987இல் ஒரு லுகுமிச் சபை ஆலயம் திறக்கப்போவதாக அறிவித்ததும், நகரசபை விலங்குப் பலியைத் தடைசெய்யும் விதிகளை விரைந்து இயற்றியது. வழக்கு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. இறைச்சிக்காகக் கொல்வதை விட்டு வழிபாட்டுக்காகக் கொல்வதை மாத்திரம் குறிவைத்த அவ்விதிகள் சமய சுதந்திரத்துக்கு மாறானவை என 1993 யூன் மாதத்தில் நீதியரசர் அனைவரும் ஒருமுகமாகத் தீர்த்தனர்.

ஹெயிட்டி மக்கள் புரூக்ளின் நகர்ப்பகுதியின் நிலவறைகளிலே நடுக்கம்பமின்றியே வழிபடலாயினர். அங்கே பூசகியாக விளங்கிய 'மாமா லோலா' என்னும் அம்மையாரைப் பற்றிக் கரென் மக்கார்த்தி பிறவுண் 1991இல் எழுதிய நூல் அவ்வாழ்க்கையை உலகுக்கு அறிவித்தது. யூலை 16ஆம் திகதி, ஹெயிட்டியின் சோ தோ அருவியிலே யாத்திரிகர் நீராடும் நாள். நியூயோர்க்கில் அருவி ஏது? அவர்கள் கிழக்கு ஹார்லெமில் இத்தாலியர் கட்டிய கார்மேல் மாதா கோயிலைத் தேடிச் சென்று, அந்நாளையே அருவியாக்கிக்கொண்டனர். ரொறன்ரோவில் வாழும் ஆன்மிக பப்ரிஸ்ற் சபையாரைப் பற்றி 2008இல் கரொல் டங்கன் எழுதிய நூலுக்கு, 'இந்தச் சிறு நிலத்துண்டு' எனப் பொருள்படும் பெயர் அமைந்தமை கருத்துடையது.

இனி, வழிபாட்டுக்குக் கருவி வந்த கதை. அது கணினியில் தொடங்கவில்லை. ஹெயிட்டியின் லெயோகான் பகுதியிலிருந்து புளோரிடாவுக்குப் பிழைக்கச் சென்ற தொழிலாளரிடையே பல்லாண்டு ஆராய்ச்சி செய்த கரென் றிச்மன், 2005இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியை விரிவாகத் தருகின்றார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மக்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசற் நாடாவிலே பேசி அனுப்பினர். ஊரிலே குடும்பத் தெய்வங்களுக்கு விழா எடுக்கும்போது, செலவுக்குப் பணம் அனுப்பியவர் புளோரிடாவில் தக்காளி பறித்துக்கொண்டிருப்பார். விழாவோ நாடாவில் பதிவாகும். ஆவேசம் கொண்டு வந்த தெய்வம் ஒலிப்பதிவுக் கருவியை நோக்கி, வராதவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசும். நாடா கடல் கடந்து செல்லும். வாரங்கள் கழிந்தபின், தன் சிற்றறையில் அதனைக் கேட்கும் தொழிலாளி அவ்விழாவிலே பங்குகொண்டவன் ஆவான். குரல் ஒன்றனாலேயே ஓர் இடம் அமைந்துவிடும் என்பதை வானொலி நேயர்களுக்கு விளக்கிக் கூறல் வேண்டுவதில்லை.

இந்தப் பழக்கத்தின்மேலேயே இணையம் வந்தமர்ந்தது. 1990களில் ஒரிஷா வழிபாட்டுக்கும் வோடூவுக்கும் உரிய இணையத் தளங்கள் தோன்றின. மாவினால் வரைந்த வேவே உருவங்கள் அவற்றின் முகப்பில் ஒளியாக மின்னின. கியூப அடியார்கள் கையால் எழுதித் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்த குறிப்புப் புத்தகங்கள் கணினிக் கோப்புகளாக எவர் கைக்கும் எட்டின. ஆண்டுதோறும் சனவரித் தொடக்கத்தில் ஹவானாவின் இஃபாக் குருமார் ஒன்றுகூடிக் குறிபார்த்து வெளியிடும் 'ஆண்டின் திருவாக்கு', முன்னர் வாய்மொழியாகவும் தாளிலும் பரவியது, இன்று வெளியான நாளிலேயே கண்டங்களைக் கடக்கின்றது. வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு திருவாக்கை வெளியிட்ட காலமும் உண்டு. அப்போது பூசலும் அதே வேகத்தில் கடல் கடந்தது.

கியூபாவிலே பொது இடங்களில் கம்பியில்லா இணைய வசதி 2015இல் வந்தது; கைத்தொலைபேசிக்கு இணையம் 2018 டிசெம்பரில் வந்தது. அதுவரை பூங்காக்களின் வாங்குகளிலே கூடி இருந்து வெளிநாட்டுச் சுற்றத்தாருடன் முகம் பார்த்துப் பேசியோருள், ஞானப்பிள்ளைகளுடன் பேசிய ஞானத்தாய்மாரும் உண்டு. ஞானத்தாய் என்பவர் ஒருவருக்குத் தீட்சை அளித்து, ஆயுள்வரை அவருக்குப் பொறுப்பாக நிற்பவர். அவ்வுறவே இல்லத்தின் சுவர், செங்கல் அன்று.

பின்னர் 2020 வந்தது. கொரோனா நோயின் காரணமாகத் திரினிடாட் அரசு மக்களை வீட்டிலிருக்கப் பணித்தது, தடை நீங்கியதை நினைவுகூரும் மார்ச் 30ஆம் திகதியை ஒட்டியாகும். 1996 முதல் பொது விடுமுறையாகக் கொண்டாடப்பட்டு வரும் அந்நாளில், கூடுவதற்கு உரிமை பெற்றோர் கூட இயலாது நின்றனர். சபைகள் முகநூல் வழியாகவும் சூம் வழியாகவும் ஆராதனை நடத்தின. மூத்த தாய் ஒருவர் மணியை அடிப்பார். நாற்றிசைக்கும் நீர் வார்ப்பார். ஒலி சற்றுப் பிந்தியும் முந்தியும் வந்து சேர்வதால் பாட்டு ஒத்து வராது. எனினும், வீட்டிலே மெழுகுதிரி ஏற்றி, நீர் நிறைந்த குவளையை அருகில் வைத்துத் தலையில் வெண்துணி கட்டி அமர்ந்தோர்க்கு அது வெறும் காட்சியன்று. திரை புனிதமாகவில்லை, திரையின் முன்னுள்ள மேசை புனிதமாயிற்று. அந்த வேறுபாடே இப்பொருளின் உயிர்நிலை. ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருத்தல் வழிபாடாகாது. பார்ப்பவர் தம் கையால் நீரூற்றும்போதே அங்கே ஓர் இடம் பிறக்கின்றது.

ஆயின், எல்லாவற்றையும் கம்பி வழியாக அனுப்பிவிட முடியுமா? முடியும் என்று விளம்பரம் செய்வோர் உளர். பணம் வாங்கிக்கொண்டு முகம் அறியாதார்க்குக் குறி சொல்வோரும், தீட்சை தருவதாகக் கூறுவோரும் உளர். மரபறிந்த மூத்தோர் இதனைக் கண்டித்து வருகின்றனர். அக்கண்டனம் பழமைப் பிடிவாதம் மட்டுமன்று. லுகுமி மரபிலே தீட்சை என்பது தலையின்மேல் கை வைத்தலாம். தலை மழிக்கப்படல் வேண்டும். பச்சிலைகளைக் கையாற் பிசைந்த நீரினால் கழுவப்படல் வேண்டும். புதியவரின் கற்கள் ஞானத்தாயின் கற்களிலிருந்து 'பிறத்தல்' வேண்டும். அதன்பின் ஓராண்டு வெண்ணிற ஆடை. இவற்றுள் எதனையும் ஒலியாகவோ ஒளியாகவோ மாற்ற இயலாது.

வாயில் பற்றிய சிக்கல் இதனினும் கடியது. தீட்சை அறை தீட்சை பெற்றவர்க்கு மாத்திரமே திறக்கும். அதனுள்ளே நிகழ்வதைப் படமெடுத்தல் ஆகாது என்பது நெடுநாள் விதி. இன்று எல்லோர் கையிலும் படக்கருவி இருக்கின்றது. அறையினுட் படங்களும் ஆவேச நிலையிலுள்ளோரின் படங்களும் இணையத்தில் ஏறி, இல்லங்களிடையே பெரும் மனக்கசப்பை விளைத்துள்ளன. சில இல்லங்கள் மேளம் முழங்கத் தொடங்கியதும் கருவிகளை அணைக்குமாறு பணிக்கின்றன. வேறு சில, தூரத்திலுள்ள பிள்ளைகள் காணட்டும் எனத் திறந்துவிடுகின்றன. மறைவு ஒரு காலத்தில் காவலாளரிடமிருந்து காத்தது. இன்று வேடிக்கை பார்ப்போரிடமிருந்து காக்கின்றது. பலியின் ஒரு காட்சி மட்டும் அறியாதார் கண்ணிற் பட்டால், ஹயலீயா நகரசபையில் எழுந்த அதே கூச்சல் மீண்டும் எழுதல் திண்ணம். மாறாக, எல்லாவற்றையும் மூடிவிட்டால், தீவை ஒருமுறையும் காணாது ரொறன்ரோவில் பிறந்த பேத்திக்கு அம்மரபு எட்டாது. எந்த வாயிலை எவ்வளவு திறப்பது என்பதை ஒவ்வோர் இல்லத்து மூத்தவரும் தாமே தீர்மானிக்க வேண்டியுள்ளது. அத்தீர்மானத்தை இணைய நிறுவனங்களிடம் விடுதல், நீதவானிடம் விட்ட பழைய சட்டத்துக்கு ஒப்பாகும்.

துக்கிக்கும் அறையிலே 'தாதி' என்றொரு பதவி உண்டு. கண் கட்டப்பட்டுக் கிடப்பவரை நள்ளிரவில் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் திருப்பிவிடுபவரும், வாயில் நீர் வார்ப்பவரும், யாத்திரையிலே அஞ்சி அலறினால் கையைப் பற்றிக்கொள்பவரும் அவரே. புரூக்ளினிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் ஊர்ச் சபையின் ஞாயிறு ஆராதனையைக் கைத்தொலைபேசியிற் கண்டு உடன்பாடுகின்றனர். துக்கிக்கும் காலம் வந்துவிட்டால், அருகேயுள்ள சபையின் அறையைத் தேடிச் செல்கின்றனர். அல்லது திரினிடாட்டுக்கு விமானச் சீட்டு வாங்குகின்றனர்.